புயலுக்குப் பெயரிட்ட மாலுமி: ஹென்றி பிடிங்டன்

அகத்தியர் மலையில் பிறக்கும் நெய்யாறு, நெய்யாற்றின்கரையைத் தொட்டுச் சென்று, பூவாற்றில் கடலோடு கலக்கின்றது. அவ்வாற்றின் இரு மருங்கிலும், அதற்குத் தெற்கே பாறசாலை, இஞ்சிவிளை, பொழியூர் முதலான எல்லையூர்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பல குடியேறி வாழ்ந்து வருகின்றன. வாணிகத்தின் பொருட்டு வந்தோர் உண்டு; தறியின் பொருட்டு வந்தோர் உண்டு; பணியின் பொருட்டு வந்தோரும் உண்டு. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி வகுக்கப்பட்டபோது விளவங்கோடு முதலிய நான்கு தாலுகாக்கள் தமிழகத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு அப்பால் ஓர் ஆட்சி, இப்பால் ஓர் ஆட்சி என்றாயிற்று. ஆயினும் காற்றும் கடலும் அந்தக் கோட்டை அறியா.

ஆண்டுவிழா மலர்களில் பெரியோர் ஒருவரின் வாழ்க்கையை எழுதுவது மரபு. புலவரையும் புரவலரையும் நாட்டுத் தொண்டரையும் பற்றி எழுதுவோர் பலர். இம்மலரில் நாம் எழுதப் புகுவதோ, நம் மொழி அறியாத, நம் ஊர் காணாத, ஆங்கில நாட்டு மாலுமி ஒருவரைப் பற்றி. இவர் நமக்கு என்ன உறவு என்று அன்பர்கள் கேட்கக்கூடும். அதற்கு விடை 2017ஆம் ஆண்டின் நவம்பர்த் திங்களில் இருக்கின்றது.

அவ்வாண்டு நவம்பர் 29ஆம் நாள் இலங்கைக்குத் தென்கிழக்கே வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் தோன்றிற்று. மறுநாள் காலையில் அது குமரிக் கடலில் புயலாக மாறிவிட்டது. ஒக்கி என்பது அதன் பெயர். ஒரு பகல் ஓர் இரவுக்குள் அது இவ்வாறு வளர்ந்தமையால், ஆழ்கடலுக்குச் சென்றிருந்தோர் திரும்பிவரப் போதிய காலம் இல்லாமற் போயிற்று. பூவாறு, பொழியூர்க் கரைகளிலிருந்தும், எல்லைக்கு அப்பால் நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, தூத்தூர்க் கரைகளிலிருந்தும் சென்றோருள் நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. சில படகுகள் லட்சத்தீவிலும் மகாராட்டிரக் கரையிலும் ஒதுங்கின. வாழையும் இரப்பரும் வேரோடு சாய்ந்தன. கரையில் நின்ற பெண்கள் கடலையே பார்த்துக்கொண்டு பல நாள் இருந்தனர். அவர்களுள் நம்மவரும் உண்டு. நம் அண்டை வீட்டாரும் உண்டு.

அன்று எல்லோர் வாயிலும் வழங்கிய ஆங்கிலச் சொல் சைக்ளோன் என்பது. அச்சொல்லை உலகுக்கு ஆக்கித் தந்தவரே நம் கட்டுரையின் தலைவர். அவர் சொல்லை மட்டும் தரவில்லை. புயலின் நடுவில் அகப்பட்ட மாலுமி தப்பிப் பிழைக்கும் வழியையும் தந்தார். வரப்போகும் ஒரு பேரழிவை முன்னறிந்து ஆட்சியாளருக்கு எழுதினார். அது கேட்கப்படவில்லை. இந்த மூன்றும் நாம் அறிந்து பயன்கொள்ளத் தக்கவை.

கடலில் கற்ற கல்வி

ஹென்றி பிடிங்டன் 1797ஆம் ஆண்டு பிறந்தார். அவர் குடும்பம் இங்கிலாந்தின் தென்பகுதியில் சசெக்ஸ் மாவட்டத்து அக்பீல்டு என்னும் ஊரைச் சேர்ந்தது. இளமையிலேயே வாணிகக் கப்பலில் சேர்ந்தார். இந்தியாவுக்கும் சீனத்துக்கும் இடையே ஓடும் கப்பல்களில் உழைத்து, படிப்படியாக உயர்ந்து, கப்பல் தலைவரும் ஆனார்.

அக்காலத்துக் கப்பல் தலைவனின் வாழ்வை இன்று நாம் எண்ணிப் பார்ப்பதும் அரிது. நீராவிக் கப்பல்கள் அப்போதுதான் தலைகாட்டின. பெரும்பாலான கப்பல்கள் பாய்மரத்தையே நம்பின. காற்றே அவற்றின் உயிர். காற்றே அவற்றின் காலன். கரையை விட்டு அகன்ற பின் செய்தி என்பதே கிடையாது. கப்பல் தலைவனிடம் இருந்தவை ஒரு திசைமானி, ஒரு பாரமானி, ஒரு குறிப்பேடு ஆகியவையே. காற்று எத்திசையிலிருந்து வீசுகின்றது, பாரமானியின் இரசம் எவ்வளவில் நிற்கின்றது, கப்பல் எங்கே இருக்கின்றது என்பவற்றை மணிதோறும் அவன் அக்குறிப்பேட்டில் எழுதி வருவான். புயலில் கப்பல் தப்பினால் அவ்வேடும் தப்பும்.

ஏறத்தாழ 1830இல் பிடிங்டன் கடல் வாழ்வை விட்டு வங்கத்தில் குடியேறினார். அவரும் ஒரு வகையில் குடியேறியவரே. பிறந்த நாட்டுக்குத் திரும்பி ஓய்வாக இருந்திருக்கலாம், இருந்தாரல்லர். 1832இல் இந்தியச் செடிகொடிகளின் பெயர்களுக்கு ஓர் அகரநிரல் செய்து வெளியிட்டார். மண்ணையும் கனிமங்களையும் ஆராய்ந்தார். கல்கத்தாவில் இருந்த பொருளியல் நிலநூல் அருங்காட்சியகத்தின் காப்பாளர் ஆனார். ஆசியச் சங்கத்தின் பணிகளில் ஈடுபட்டார். கப்பல் விபத்துகளை விசாரிக்கும் கடல்துறை மன்றத்துக்குத் தலைமை தாங்கும் பொறுப்பும் அவருக்கு வந்தது. எந்தக் கப்பல் எவ்வாறு மூழ்கிற்று, தலைவன் செய்த பிழை யாது என்று நாள்தோறும் கேட்டு ஆராயும் பணி அது. புயலைப் பற்றி எண்ணுவதற்கு அதனினும் ஏற்ற இருக்கை வேறு இல்லை எனலாம்.

சுழலும் காற்று

புயற்காற்று நேராக வீசுவதன்று, ஒரு நடுவைச் சுற்றிச் சுழல்வது என்பது இன்று பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி. அன்று அது அறிஞரிடையேயும் நிலைபெறவில்லை. சோழமண்டலக் கரையில் பணிபுரிந்த கர்னல் ஜேம்ஸ் கேப்பர் என்பார், அங்கு அடிக்கும் புயல்கள் சுழற்காற்றுகளே என்று 1801இல் ஒரு நூலில் எழுதினார். ஆனால் அதை உலகம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1821இல் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஒரு பெரும்புயல் அடித்தது. அதன் பின் வில்லியம் ரெட்பீல்டு என்பவர் அவ்வழியே நடந்து சென்றார். ஓரிடத்தில் மரங்கள் ஒரு திசையில் சாய்ந்து கிடந்தன. தொலைவில் வேறோரிடத்தில் அதே புயலில் வீழ்ந்த மரங்கள் நேர் எதிர்த்திசையில் கிடந்தன. ஒரே காற்று இரு திசையில் வீசியது எவ்வாறு? சுழன்றாலன்றி அது இயலாது என்று அவர் கண்டார். 1831இல் அக்கருத்தை வெளியிட்டார். அதே ஆண்டு பார்படோசுத் தீவைப் புயல் பாழாக்கிற்று. அங்கே கட்டடங்களை மீண்டும் எழுப்பச் சென்ற ஆங்கிலப் பொறியாளர் வில்லியம் ரீடு, கப்பற் குறிப்பேடுகளைத் திரட்டி ஆராய்ந்து, 1838இல் புயல்களின் நெறியைப் பற்றி ஒரு நூல் எழுதினார்.

அந்நூல் கல்கத்தாவிலிருந்த பிடிங்டனின் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. மேற்கிந்தியத் தீவுகளில் கண்ட உண்மை வங்கக் கடலுக்கும் பொருந்துமா என்று அவர் வினவினார். வினவிய மறு ஆண்டே அதற்கு வாய்ப்பு வந்தது. 1839 ஜூன் 3, 4, 5ஆம் நாள்களில் வங்கக் கடலில் ஒரு புயல் அடித்தது. பிடிங்டன் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களின் குறிப்பேடுகளைக் கேட்டு வாங்கினார். அவற்றை ஆராய்ந்து எழுதிய முதற் கட்டுரை ஆசியச் சங்கத்தின் இதழில் வெளியாயிற்று. அதன் பின் ஏறத்தாழ இருபது ஆண்டு அவர் அப்பணியை விடவில்லை. வங்கக் கடல், அரபிக் கடல், சீனக் கடல் ஆகியவற்றின் புயல்களைப் பற்றி இருபதுக்கு மேற்பட்ட கட்டுரைகளை எழுதினார்.

அவர் செய்த முறை எளியது, உழைப்போ பெரிது. ஒரே புயலில் அகப்பட்ட பல கப்பல்களின் ஏடுகளை எடுத்துக்கொள்வார். ஒரு குறித்த நாளில், குறித்த நேரத்தில், ஒவ்வொரு கப்பலும் இருந்த இடத்தைக் கடல் வரைபடத்தில் புள்ளியாக வைப்பார். அங்கே காற்று வீசிய திசையை அம்புக்குறியால் காட்டுவார். புள்ளிகள் பத்தாகும்போது அம்புகள் ஒரு வட்டத்தைச் சுற்றி வருவது தானாகப் புலப்படும். அவ்வட்டத்தின் நடுவே புயலின் மையம். அடுத்த நாளுக்கும் அவ்வாறே செய்தால் மற்றொரு மையம் கிடைக்கும். மையங்களைக் கோட்டால் இணைத்தால் அதுவே புயல் நடந்த பாதை.

இன்று வானிலை அறிவிப்பில் நாம் காணும் புயல் பாதைப் படத்தின் மூலம் இதுவே. வானத்தில் செயற்கைக்கோள் இல்லை. தந்தி இந்தியாவில் பரவவில்லை. நனைந்த ஏடுகளும், கையால் இட்ட புள்ளிகளும், சலியாத உள்ளமும் மட்டுமே இருந்தன. ஏடுகளை எழுதியவர்கள் பட்டம் பெற்றவர்கள் அல்லர். அலையின் நடுவே நின்று உண்மையைப் பதிந்த மாலுமிகள். அவர்கள் எழுதியதை மதித்துப் படித்தமையே பிடிங்டனின் பெருமைக்கு அடிப்படை ஆயிற்று.

மாலுமிகளின் அரிச்சுவடி

உண்மையைக் கண்டறிந்தவர் பலர். கண்டறிந்த உண்மையை அது தேவைப்படுவோர் கையில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் சிலர். பிடிங்டன் அச்சிலருள் ஒருவர்.

ஆசியச் சங்கத்தின் இதழைக் கப்பல் தலைவர்கள் படிக்கப் போவதில்லை என்பதை அவர் அறிவார். ஆகவே அவர்களுக்கென்று 1844இல் ஒரு சிறு நூல் எழுதினார். அதை விரித்து 1848இல் மாலுமிகளுக்கான பெருநூலாக வெளியிட்டார். இரண்டுக்கும் அவர் இட்ட பெயரில் கொம்பேடு என்னும் பொருள்தரும் சொல் இருந்தது. பழைய இங்கிலாந்தில் சிறுவர் எழுத்துப் பயிலும் பலகையின் மேல், கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் மெல்லிய கொம்புத் தகட்டை வைத்துக் காப்பார்கள். அதுவே அவர்களுடைய அரிச்சுவடி. புயலைப் பற்றிய அரிச்சுவடி இது என்பது அப்பெயரின் ஒரு பொருள்.

மற்றொரு பொருளும் அதற்கு உண்டு. நூலோடு இரண்டு கொம்புத் தகடுகளையும் அவர் கொடுத்தார். ஒன்று பூமியின் வடபாதிக்கு, மற்றொன்று தென்பாதிக்கு. தகட்டில் வட்டங்களும் அவற்றின் மேல் காற்றுத் திசையைக் காட்டும் அம்புகளும் வரையப்பட்டிருக்கும். மாலுமி அத்தகட்டைக் கடல் வரைபடத்தின் மேல் வைத்து, தன் கப்பல் இருக்கும் புள்ளியில் தனக்கு அடிக்கும் காற்றின் அம்பு பொருந்துமாறு நகர்த்தவேண்டும். பொருந்தியவுடன் தகட்டின் நடு எங்கே நிற்கின்றதோ அங்கே புயலின் மையம். மையம் எங்கே என்று தெரிந்தால் எப்பக்கம் விலகி ஓடுவது என்பதும் தெரியும்.

தகடு இல்லாதவனுக்கும் ஒரு வழி உண்டு. நம் வடபாதியில் புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்முறையில் சுழல்கின்றது. ஆகவே காற்றுக்கு எதிர்முகமாக நின்றால் மையம் வலக்கைப் பக்கம் இருக்கும். இந்த ஒரு வரியை மனத்தில் வைத்திருந்தால் போதும். இருட்டிலும் மழையிலும் மாலுமி குருடன் ஆகமாட்டான்.

இவ்விதியை நம் கரைக்குப் பொருத்திப் பார்ப்போம். புயலின் மையம் நமக்குத் தெற்கே குமரிக் கடலில் இருக்குமானால், நம் கரையில் காற்று கிழக்கிலிருந்து வீசும். அதாவது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கடலில் இருக்கும் வள்ளத்தைக் கரைக்குக் கொண்டுவந்து தள்ளாமல் மேலும் மேலும் ஆழ்கடலுக்கே அது கொண்டுசெல்லும். எஞ்சின் நின்ற படகு கரையேறுவது எங்ஙனம்? ஒக்கியில் காணாமற்போன படகுகள் சில மேற்கேயும் வடமேற்கேயும் நெடுந்தொலைவில் கண்டெடுக்கப்பட்டமையை இதனோடு சேர்த்து எண்ணினால், பழைய மாலுமியின் கொம்புத் தகடு நம் துயரத்தையும் விளக்கக் காண்கின்றோம்.

பெயர் பிறந்த வரலாறு

அக்காலத்தில் புயலுக்குப் பெயர்கள் பல வழங்கின. மேற்கிந்தியத் தீவுகளில் ஒரு பெயர். சீனக் கடலில் ஒரு பெயர். வலிமை குறைந்ததற்கு ஒன்று, மிகுந்ததற்கு ஒன்று. சுழல்வதையும் சுழலாததையும் ஒரே சொல்லால் குறிப்பாரும் உண்டு. இதனால் குழப்பம் விளைந்தது. வலிமை எவ்வளவாயினும் சுழன்று வீசும் காற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு சொல் வேண்டுமென்று பிடிங்டன் கருதினார். வட்டத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை எடுத்தார். பாம்பு சுருண்டு கிடக்கும் சுருளையும் அது நினைவூட்டும். அதிலிருந்து சைக்ளோன் என்னும் சொல்லை ஆக்கினார்.

அச்சொல்லுக்குச் சான்றாக அமைந்தது ஒரு கப்பலின் கதை. 1845 பிப்ரவரியில் மொரீசியசுத் தீவை அடுத்த கடலில் சார்லசு ஹெடில் என்னும் பாய்க்கப்பல் புயலில் அகப்பட்டது. தலைவன் காற்றின் முன்னே கப்பலை ஓடவிட்டான். ஐந்து நாள் ஓடிற்று. நெடுந்தொலைவு வந்துவிட்டோம் என்று எண்ணினான். புயல் ஓய்ந்தபின் பார்த்தால், புறப்பட்ட இடத்துக்கு வெகு அருகிலேயே கப்பல் நின்றது. செக்குமாடு போலப் புயலின் மையத்தை மீண்டும் மீண்டும் சுற்றி வந்திருந்தது. அக்கப்பலின் குறிப்பேட்டைப் பிடிங்டன் பெற்று, நாழிகை நாழிகையாக அதன் வழியை வரைந்து காட்டினார். புயல் சுழல்வது என்பதற்கு அதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. காற்றின் முன்னே ஓடுவது தப்பும் வழியன்று என்னும் பாடமும் அதில் இருந்தது.

மலைமேல் ஒரு பாரமானி

பிடிங்டன் கல்கத்தாவில் உழைத்த அதே காலத்தில் நம் திருவிதாங்கூரிலும் காற்றை அளக்கும் பணி நடந்தது என்பதை இங்கே குறிப்பிடுதல் கடமையாகும். சுவாதித் திருநாள் மகாராசா 1837இல் திருவனந்தபுரத்தில் வானாராய்ச்சி நிலையத்தை நிறுவினார். அதன் முதல் தலைவர் ஜான் கால்டிகாட். 1852இல் ஜான் ஆலன் பிரவுன் என்னும் ஸ்காத்லாந்து அறிஞர் அப்பொறுப்பை ஏற்றார். அவர் 1855இல் அகத்தியர் மலையின் உச்சியிலும் ஒரு நிலையம் அமைத்தார். 6,000 அடிக்கு மேற்பட்ட அம்மலைக்குக் காட்டு வழியே கருவிகளைச் சுமந்து சென்றனர். தமிழ் முனிவர் பெயர்கொண்ட மலையில் பாரமானி ஏறியது அவ்வாறு.

இப்பணிக்கும் புயலுக்கும் என்ன தொடர்பு? நம் வெப்ப நாடுகளில் காற்றின் அழுத்தம் நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை இறங்குகின்றது. காலை பத்து மணியளவில் உயர்ந்து, மாலை நான்கு மணியளவில் தாழும், இரவிலும் அவ்வாறே. கடலில் வேலியேற்றமும் இறக்கமும் போன்றது இது. ஏறத்தாழ ஓர் அங்குல இரசத்தில் பத்தில் ஒரு பங்கே இந்த மாற்றம். இந்த இயல்பான ஏற்ற இறக்கத்தை அறியாதவன், மாலையில் பாரமானி தாழ்வதைக் கண்டு புயல் என்று அஞ்சுவான். அல்லது புயலால் தாழ்வதைக் கண்டும் வழக்கமென்று இருந்துவிடுவான். இயல்பை அறிந்தவனே இயல்பு பிறழ்வதை அறிவான். திருவனந்தபுரத்தில் நாளும் மணியும் தவறாது அளந்து வைத்தவர்களின் தொண்டு இத்தகையது.

கேட்கப்படாத குரல்

இனிப் பிடிங்டன் வாழ்வின் முதன்மையான நிகழ்ச்சிக்கு வருவோம். ஊக்ளி ஆற்றில் மண் மேடிட்டு வருவதால் கல்கத்தாத் துறைமுகத்துக்கு இடையூறு நேரும் என்று அக்காலத்து வணிகர் அஞ்சினர். அதற்கு மாற்றாகச் சுந்தரவனத்தின் ஓரத்தில் மாத்லா ஆற்றங்கரையில் ஒரு புதிய துறைமுக நகரம் எழுப்பலாம் என்று எண்ணினர். ஆழமான ஆறு, அகன்ற முகத்துவாரம். வேறு என்ன வேண்டும் என்றனர்.

பிடிங்டன் வேறொன்றைக் கண்டார். புயலில் காற்றினும் கொடியது கடலின் எழுச்சி என்பது அவர் ஆராய்ச்சியால் அறிந்த உண்மை. புயற்காற்று கடல்நீரைக் கரையை நோக்கித் தள்ளிக் குவிக்கின்றது. ஆழம் குறைந்த கடலில் அந்நீர் கீழே திரும்பிப் போக வழியின்றி மேலே உயர்கின்றது. வங்கக் கடலின் வடமுனை புனலின் வாய்போல் குறுகுவதால் நீர் மேலும் உயர்கின்றது. அந்நேரம் வேலியேற்றமும் சேர்ந்துவிட்டால் ஊரே நீரில் மூழ்கும். கோதாவரி முகத்துவாரத்துக் கோரங்கியில் 1789 டிசம்பரில் மூன்று பேரலைகள் அடுத்தடுத்து எழுந்து ஊரை விழுங்கியதை அவர் தம் நூலில் எழுதியிருந்தார். ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர் என்பது வரலாறு. 1839 நவம்பரில் அதே கோரங்கியை மீண்டும் புயல் அழித்தது.

ஆகவே 1853இல் அவர் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிப் பிரபுவுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்றை எழுதி அச்சிட்டார். சுந்தரவனத்தில் புயல் அலை செய்யக்கூடியதை விரித்துரைத்தார். மாத்லாவில் நகரம் எழுப்பினால் ஒரு நாள் கடல் ஏறிவந்து அதனை மூடும் என்றார். அலையைத் தடுத்து நிற்கும் சுந்தரவனக் காடுகளை வெட்டுவதன் தீமையும் அவர் கவலைக்கு உட்பட்டது. அச்சுறுத்துவதற்காக அவர் எழுதவில்லை; முன் நடந்தவற்றைக் கணக்கிட்டு எழுதினார்.

கடிதம் பயன் தரவில்லை. 1858 ஏப்ரல் 7ஆம் நாள் கல்கத்தாவில் பிடிங்டன் மறைந்தார். அவருக்கு வயது 61. அவர் மறைந்த பின்னர் மாத்லாக் கரையில் நகரம் எழுந்தது. அடுத்த கவர்னர் ஜெனரலின் பெயரால் அது கானிங் துறைமுகம் எனப்பட்டது. துறைகளும் பண்டகசாலைகளும் எழுந்தன, இருப்புப்பாதை வந்தது, பங்குகள் விலைபோயின. 1867 நவம்பர் 1ஆம் நாள் புயல் வந்தது. ஏறத்தாழ ஆறடி உயரமுள்ள கடல்நீர் நகரின் மேல் பாய்ந்தது. துறைகள் சிதைந்தன. வணிகத்தில் முன்பே இருந்த நட்டங்களும் சேர, சில ஆண்டுகளில் அத்துறைமுகம் கைவிடப்பட்டது. பிடிங்டன் கடிதம் எழுதிப் பதினான்கு ஆண்டுகள். அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள். தாம் சொன்னது மெய்யானதைக் காண அவர் இல்லை. இருந்திருப்பினும் மகிழ்ந்திருக்கமாட்டார்.

அவருக்குப் பின்

1864 அக்டோபர் 5ஆம் நாள் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 60,000 பேர் மடிந்தனர். அதன் பின்னரே அரசு விழித்தது. 1865இல் கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை ஏற்பட்டது. 1875இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டது. பிளான்போர்டு என்னும் அறிஞர் அதன் முதல் தலைவரானார். துறைமுகங்களில் எண்வரிசைப்படி புயற்கூண்டு ஏற்றும் வழக்கமும் இவ்வழியில் வந்ததே.

இன்று புயலை அளக்கும் முறைகள் வளர்ந்துள்ளன. மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வேகத்தில் காற்று சுழன்றால் அது தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62இலிருந்து புயல், 89இலிருந்து தீவிரப் புயல், 118இலிருந்து மிகத் தீவிரப் புயல் என்று வகுத்துள்ளனர். நடுக்கடலில் காற்றுமானி வைத்து அளப்பார் இலர். ஆகவே செயற்கைக்கோள் அனுப்பும் படத்தில் மேகங்கள் சுருண்டிருக்கும் பாங்கைக் கண்டு வலிமையை மதிப்பிடுகின்றனர். 1970களில் வெர்னான் துவோராக் என்னும் அமெரிக்கர் வகுத்த முறை இது. சுருள் இறுகி, நடுவில் கண் தெளிவாகத் தோன்றினால் எண் உயரும். கரையை நெருங்கும்போது ரேடார் அதனைத் தொடர்கின்றது. 2004 முதல் நம் கடற்புயல்களுக்குச் சுற்றியுள்ள நாடுகள் தரும் பெயர்களை இடுகின்றனர். ஒக்கி என்பது வங்கதேசம் தந்த பெயர்; கண் என்பது அதன் பொருள். பிடிங்டன் வாழ்ந்த வங்கத்தின் மொழியிலிருந்தே நம் கரையை அழவைத்த புயலின் பெயரும் வந்தது.

பிடிங்டனின் கருத்துகள் யாவும் பிழையற்றவை என்று நாம் கூறவில்லை. புயற்காற்று ஏறத்தாழச் சரியான வட்டமாகவே சுழல்வதாக வைத்து அவர் விதி செய்தார். உண்மையில் அது உள்நோக்கி வளைந்து செல்வதால், மையம் வலக்கைக்கு நேராக இன்றிச் சற்றுப் பின்தள்ளி இருக்கும். அவருக்குப் பின் வந்தோர் இதைத் திருத்தினர். தம் விதியைத் திருத்துவதற்கான குறிப்புகளையும் மாலுமிகளிடமே கேட்டவர் அவர். ஆதலின் இத்திருத்தம் அவருக்குச் சிறுமை ஆகாது.

நாம் கொள்ளவேண்டியது

நம் கடலோர மக்கள் கற்றுக்குட்டிகள் அல்லர். கரையில் தெரியும் மலைமுகடுகளையும் கோபுரங்களையும் ஒன்றோடொன்று நேர்நிறுத்தி, நடுக்கடலில் தாம் இருக்கும் இடத்தைப் பிசகாது அறிபவர்கள். கச்சான், கொண்டல், வாடை என்று காற்றைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகே கடும்புயல் உருவாவது அரிது; பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பும் ஆற்றல் அங்கே குறைவு. அதனால் வங்கக் கடலார் அறிந்த அளவு புயலை நம் கரையார் அறியவில்லை. அரிதாக வருவது வந்தபோது, அறிவு இருந்தும் செய்தி சென்று எட்டவில்லை.

ஒக்கிக்குப் பின் சில நன்மைகள் விளைந்தன. 2018இல் திருவனந்தபுரத்தில் புயல் எச்சரிக்கை மையம் ஏற்பட்டது. கைப்பேசி எட்டாத ஆழ்கடலிலும் செயற்கைக்கோள் வழியே செய்தி பெறும் கருவிகள் மீனவருக்கென்று உருவாக்கப்பட்டன. இவை பாராட்டத் தக்கவை. ஆயினும் கருவி ஒவ்வொரு படகிலும் இருத்தல் வேண்டும். அதில் வரும் செய்தி படகில் இருப்பவனுக்கு விளங்கும் சொல்லில் இருத்தல் வேண்டும். பொழியூர்க்காரனும் நீரோடிக்காரனும் ஒரே கடலில் அடுத்தடுத்து வலை இறக்குகின்றனர். ஒருவனுக்கு ஒரு மாநிலத்திலிருந்தும் மற்றவனுக்கு மற்றொரு மாநிலத்திலிருந்தும் செய்தி வரட்டும். இருவருக்கும் ஒரே நேரத்தில், இரு மொழியிலும் வருமாறு செய்தல் ஆகாததன்று.

எல்லையில் இரு மொழியும் அறிந்து வாழ்பவர்கள் நாம். பிடிங்டன் அறிஞரின் மொழியை மாலுமியின் மொழியாக மாற்றித் தந்தார். அத்தகைய தொண்டு நம் சங்கத்து இளைஞர்களுக்கும் இயலும். புயற்காலம் வருமுன் கடலோர ஊர்களுக்குச் சென்று, தாழ்வு மண்டலம் என்றால் என்ன, எத்தனையாம் எண் கூண்டுக்கு என்ன பொருள், காற்று எத்திசையில் அடித்தால் மையம் எங்கே என்பவற்றை எளிய தமிழிலும் மலையாளத்திலும் எடுத்துரைக்கலாம். அவர்கள் கூறுவதையும் கேட்டு எழுதிவைக்கலாம். ஒக்கியில் தப்பி வந்தோர் கண்டவை அவர்களோடு மறைந்துபோக விடலாகாது. அவையும் ஒரு குறிப்பேடே அன்றோ?

கல்கத்தாவில் கண் மூடிய அந்த மாலுமிக்கு நம் ஊரில் சிலை இல்லை, தேவையும் இல்லை. அடுத்த புயல் எழும் நாளில், பூவாற்றுக் கழிமுகத்தில் ஒரு படகு நேரம் தவறாமல் கரை திரும்புமானால், அதுவே அவருக்கு நாம் செலுத்தும் நன்றி.